காயம்பட்டவர்களின் கணக்கு

விருதுநகர் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆண்டுகள் பட்டாசு ஆலை விபத்துகளோடு சேர்ந்தே நினைவில் நிற்கின்றன. 1991 என்றால் மீனம்பட்டி, 2012 என்றால் முதலிப்பட்டி, 2021 என்றால் அச்சங்குளம், 2024 என்றால் செங்கமலப்பட்டி. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே ஓர் எண்ணும் கூடவே வரும். மீனம்பட்டியில் 39 பேர். முதலிப்பட்டியில் நாற்பதை ஒட்டி; அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். இந்த எண்கள் எனக்கும் மனப்பாடம். ஆனால் அவற்றைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. நாங்கள் நினைவில் வைத்திருப்பது இறந்தவர்களை மட்டும்தான். அதே நாளில் அதே ஆம்புலன்ஸ்களில் போய், பிழைத்துத் திரும்பி வந்தவர்கள் எங்கள் கணக்கில் இல்லை. செய்தித்தாளில் அவர்கள் "காயமடைந்தோர்" என்று மூன்று நாள் இருப்பார்கள். நான்காம் நாள் முதல் அவரவர் வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள். இந்த வட்டாரத்துக்கு, தீக்காயம் பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும், லாப நோக்கமில்லாத ஓர் ஊர்ப்பொது மருத்துவமனை வேண்டும் என்றும், ஊர்ப்பொது நிறுவனங்களைக் கட்டி நடத்தும் பழக்கம் இந்த மண்ணிலேயே நூறு வருஷமாக இருக்கிறது என்றும் நான் நம்புகிறேன். இரண்டும் ஒன்றையொன்று இன்னும் சந்திக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

இந்தத் தொழில் இங்கே எப்படி வந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. 1940-இல் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் என்று ஆனபின் பட்டாசு ஆலைகள் எழுந்தன. மழை பொய்க்கும் கரிசல் காடு, காய்ந்த காற்று, விவசாயத்தில் வயிற்றைக் கழுவ முடியாத ஜனம்: தொழிலுக்கு வேண்டியவை எல்லாம் இருந்தன. விடிவதற்கு முன்னே ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிப் போகும் பஸ்களும் வேன்களும், தூக்குச் சட்டியோடு காத்திருக்கும் பெண்களும், மாலையில் அலுமினியத் தூள் படிந்து சாம்பல் நிறத்தில் மினுங்கும் கைகளும் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. "ஆபீஸ்ல வெடி" (பட்டாசு ஆலைக்கு இங்கே ஆபீஸ் என்று பெயர்) என்ற சேதி வந்ததும் என்ன நடக்கும் என்பதும் அப்படித்தான். வெடிமருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம் என்று சொல்வார்கள். போர்மேன் மேல் வழக்கு வரும். நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பறக்கும். எதற்கெடுத்தாலும் மதுரைக்குப் போவது இந்தப் பக்கத்தின் பழைய வழக்கம். 1985-இல் இந்த மாவட்டம் தனியாகப் பிரியும்வரை இராமநாதபுரம் ஜில்லா கலெக்டர் ஆபீஸே மதுரையில்தான் இருந்தது.

தீக்காயத்தைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தின் பொருள் என்ன என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்து, மடிக்கு முன்னால் மருந்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அது தீப்பற்றினால் வேகும் இடங்கள் முகம், இரண்டு கைகள், நெஞ்சும் வயிறுமாக உடம்பின் முன்பக்கம். மருத்துவர்கள் உடம்பை ஒன்பது ஒன்பது விழுக்காடாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள்: ஒரு கை ஒன்பது, உடலின் முன்பக்கம் பதினெட்டு, முகப்பக்கம் நாலரை. இரண்டு கைகளையும் சேர்த்துக் கூட்டினால் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு. அவர் எடை ஐம்பது கிலோ என்றால், எடையையும் விழுக்காட்டையும் பெருக்கி அதை நான்கால் பெருக்க வேண்டும், எட்டாயிரம் மில்லிலிட்டர். அதாவது முதல் 24 மணி நேரத்தில் எட்டு லிட்டர் திரவம் ரத்தக்குழாய் வழியாக ஏற வேண்டும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தீப்பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது. சிவகாசியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் என்றால் இன்னும் கூடுதல். வழியிலேயே திரவம் ஏறினால்தான் சிறுநீரகம் தப்பும். வெந்து வீங்கும் தொண்டையில் நேரத்தோடு குழாய் போட ஆள் இருந்தால்தான் மூச்சு தப்பும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் விபத்து நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. இன்று சிவகாசி அரசு மருத்துவமனையிலேயே தீக்காயப் பிரிவு இருக்கிறது. அது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் நான் பேச வந்தது அதற்குப் பிறகான காலத்தைப் பற்றி. ஆழமான தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். கழுத்தில் பட்டிருந்தால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அக்குளில் பட்டிருந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. விரல்களில் பட்டிருந்தால் அவை உள்ளங்கையை நோக்கி வளைந்து அப்படியே நின்றுவிடும். இதைத் தடுக்க, படுக்கையில் இருக்கும் நாளிலிருந்தே மூட்டுகளை நீட்டி வைத்துக் கட்ட வேண்டும். வலியோடு வலியாக நாள்தோறும் பயிற்சி கொடுக்க வேண்டும். வடு தடித்துப் புடைக்காமல் இருக்க, உடம்போடு ஒட்டிய அழுத்த உடையை நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம், ஓர் ஆண்டு அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும். அந்த உடையை அளவெடுத்துத் தைக்க வேண்டும். சில மாதத்தில் தொய்ந்துவிட்டால் மறுபடி தைக்க வேண்டும். ஆழமாக வெந்து ஆறிய தோலுக்கு வேர்க்காது. சித்திரை வைகாசியில் விருதுநகர் வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, வேர்க்காத உடம்பின் மேல் இறுக்கமான உடை போட்டுக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே இருப்பது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த உடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவதுதான் இயல்பு. வாரம் இரண்டு முறை பயிற்சிக்கு மதுரைக்கு வரச் சொன்னால், பஸ் செலவும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் சேர்ந்து மூன்றாம் வாரத்தோடு நிறுத்திவிடுவதும் இயல்பு. இறப்பைத் தடுத்த மருத்துவம் கையைக் காப்பாற்றத் தவறுவது இந்த இடத்தில்தான். மருத்துவரின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. தூரம், நாள்கணக்கு, தொடர்ச்சி ஆகியவையே இதைத் தீர்மானிக்கின்றன.

கைகளைப் பற்றிப் பேசும்போது வேலூரில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நிமிர்ந்தது. ஆனால் நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்கள் பிழைப்பில்லாமலும் புதுப் புண்களோடும் திரும்பி வந்தார்கள். அறுவைச் சிகிச்சை என்பது பாதி வேலைகூட இல்லை என்பதை உணர்ந்த அவரும் அவரோடு இருந்தவர்களும், குணமானவர்கள் தங்கி மரவேலை முதலிய தொழில் கற்றுக்கொள்ள ஓர் இடத்தை வேலூரில் அமைத்தார்கள். கைக்குப் பயிற்சி கொடுப்பவர், செருப்பு செய்பவர், கருவிகளுக்குப் பிடி மாற்றித் தருபவர் எல்லோரும் மருத்துவக் குழுவில் ஒருவராக ஆனார்கள். பின்னர் கரிகிரி ஆராய்ச்சி மருத்துவமனையும் அதே வழியில் வளர்ந்தது. தொழுநோயும் தீக்காயமும் வேறு வேறு. ஆனாலும், உழைப்பாளியின் கை என்பது தசையும் நரம்பும் மட்டுமில்லை, அது அவருடைய கூலி என்று எடுத்துக்கொண்டு மருத்துவமனையைக் கட்டினால் அது எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உள்ள நிரூபணம் அது. பட்டாசு வட்டாரத்தில் இதுபோல ஓர் இடத்துக்கான தேவை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு: இது அரசாங்கத்தின் கடமை, ஜனங்கள் ஏன் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இத்தனைக்கும் மேல் இன்னொன்று எதற்கு? இந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் யாரைப் பார்க்கின்றன என்று கவனித்தால் இடைவெளி தெரியும். இ.எஸ்.ஐ., பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளியைப் பார்க்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பெரும் பகுதி பதிவேட்டுக்கு வெளியே நடக்கிறது. மத்திய வெடிபொருள் துறையிடம் நாக்பூர் லைசென்ஸ் வாங்கிய ஆலை உள்குத்தகைக்குப் போகிறது. தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் வீட்டுக்குள்ளும் தோட்டத்துத் தகரக் கொட்டகையிலும் பட்டாசுக்கான கருந்திரி சுற்றுகிறார்கள். அங்கே தீப்பிடித்தால் காயத்தைவிடப் போலீஸ் பயம் பெரிதாக இருக்கும். காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகுப்பாகப் பணம் தருகிறது; ஓராண்டு பயிற்சிக்கும், மூன்றாம் முறை தைக்கிற அழுத்த உடைக்கும், வீடு தேடி வந்து விரலை நீட்டிப் பார்க்கிற ஒரு பணியாளருக்கும் அந்தத் தொகுப்பில் இடமில்லை. அரசு மருத்துவமனை கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வராமல் போனவரைத் தேடிப் போக அதற்கு ஆள் இல்லை. அரசின் பொறுப்பைத் தட்டிக் கழிக்க நான் வழி சொல்லவில்லை. ஊர் முதலில் செய்து காட்டி, அரசைப் பின்னால் இழுத்து வருவது இந்தப் பக்கத்தில் நடந்திருக்கிறது. 1956-இல் பள்ளி மதிய உணவு தொடங்கியபோது முதலில் அது ஊர்மக்கள் கொடுத்ததைக் கொண்டே நடந்தது. அரசு மானியம் பின்னால் சேர்ந்தது. அதைச் செய்த முதலமைச்சர் படித்தது, வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்தப்பட்ட விருதுநகர்ப் பள்ளியில்.

அந்தப் பிடி அரிசிக்கும் மகமைக்கும் வருகிறேன். என் வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் வேரூன்றிய நாடார் வணிகர்கள், சரக்கு மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வியாபாரத்திலிருந்தே எடுத்து வைத்தார்கள்; அதுதான் மகமை. தர்மம் செய்கிற மனம் வந்தால் கொடுப்பது என்பது கிடையாது. வியாபாரம் நடந்தால் மகமை எழுதப்படும். லாபமோ நஷ்டமோ, எழுதியது எழுதியதுதான். உறவின்முறை என்ற ஊர்ச் சமூக அமைப்பு அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு கணக்குக் காட்டியது. பேட்டையும் கிணறும் கோயிலும் அதில் வந்தன. பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன, சுதந்திர ஆண்டிலே கல்லூரியும் வந்தது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட, 1899-இல் சிவகாசிக் கலவரத்தைப் பார்த்த ஒரு சமூகம், யாரிடமும் போய் நிற்காமல் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இந்த ஏற்பாட்டின் பலம் மூன்று விஷயங்களில் இருந்ததாக நான் நினைக்கிறேன். தொகை சிறியது, அதனால் கொடுப்பது வலிக்காது. தொடர்ந்து வருவது, அதனால் வாத்தியார் சம்பளம் நிற்காது. கொடுத்தவர் எல்லோருக்கும் கணக்குக் கேட்கிற உரிமை உண்டு, அதனால் பணம் ஒருவர் கைக்குள் போகாது. ஒரு மருத்துவமனைக்கு வேண்டியதும் இவைதான். கட்டடம் கட்ட நன்கொடை யாரும் தருவார்கள். கல்வெட்டில் பெயர் வரும். இருபதாவது ஆண்டில் பிசியோதெரபிஸ்டுக்கு மாதச் சம்பளம் கொடுக்க நன்கொடையாளர் கிடைப்பது அரிது. அதற்கு மகமை போன்ற வருமானம்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஊர்களில் மகமையால் எழுந்தவை என்று பள்ளிகளையும் கல்லூரிகளையும் வரிசையாகச் சொல்ல முடிகிற மாதிரி மருத்துவமனைகளைச் சொல்ல முடிவதில்லை. படிப்பு பிள்ளைகளை ஊரைவிட்டு மேலே தூக்கியது. மருத்துவமனை என்பது ஊரிலேயே கிடக்கிறவர்களுக்கானது; அதற்கு அதே ஆவல் எழவில்லை என்று சொன்னால் என்மேல் கோபம் வரலாம். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெருந்தொகை இல்லாமல் மருத்துவமனை நடக்குமா என்பவர்கள் இதே கரிசல் மண்ணின் பிள்ளை ஒருவரைப் பார்க்கலாம். எட்டயபுரம் பக்கத்து அயன்வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களாலேயே கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகி, மதுரை அரசு மருத்துவமனையில் கண் துறைத் தலைவராக இருந்து, 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டையும் நகையையும் அடகு வைத்துக் குடும்பம் நின்றது. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் உடன் நின்றார்கள். பணம் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கும் அதே மருத்துவர்கள் அதே சிகிச்சை தருவது என்பது நடைமுறை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் அறுவை அரங்கு உதவிவரை அவர்களிடம் ஒப்படைத்ததால் மருத்துவரின் நேரம் அறுவைக்கு மட்டும் செலவானது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து விலை எட்டாமல் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதையும் தாங்களே செய்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். ஊர் ஊராக முகாம் போட்டபோது இடமும் சாப்பாடும் விளம்பரமும் அந்தந்த ஊர்ச் சங்கங்களின் பொறுப்பு. நோயாளி வரும்வரை காத்திராமல் நோயாளி இருக்கும் இடத்துக்குப் போனதுதான் அதன் உயிர்நாடி.

கண்புரை வேறு, தீக்காயம் வேறு என்ற மறுப்பு வலுவானது. நான் அதைச் சுலபமாகக் கடந்துபோக விரும்பவில்லை. கண்புரை அறுவை சில நிமிஷ வேலை, ஒரே மாதிரியானது, ஒரு நாளில் ஒரு மருத்துவர் பலருக்குச் செய்யலாம், பணக்காரருக்கும் வரும் என்பதால் அவர் தருகிற கட்டணம் ஏழைக்கு உதவும். தீக்காயம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, மாதக்கணக்கில் நீளும், பட்டாசுத் தீக்காயம் பணக்காரருக்கு அநேகமாக வருவதே இல்லை. ஆகவே அரவிந்தின் வரவுசெலவு இங்கே பொருந்தாது என்பது உண்மை. பொருந்துவது அதன் வேலைப் பகிர்வு. உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, வடு மசாஜ், மூட்டுப் பயிற்சி, அழுத்த உடை தைப்பது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது ஆகியவற்றை அவர்களிடம் கொடுக்கலாம். தீப்பெட்டி ஒட்டிய விரல்களின் நுணுக்கம் இந்த ஊர்களில் எங்கும் கிடைக்கிறது. வரவுக்கு வேறு முன்மாதிரி உண்டு. சென்னையில் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய வி.எச்.எஸ். அமைப்பின் மருத்துவமனை, குடும்பங்கள் வருமானத்துக்குத் தகுந்தபடி ஆண்டுச் சந்தா கட்டி மருத்துவம் பெறும் திட்டத்தை, காப்பீடு என்ற சொல் பரவலாவதற்கு வெகு காலம் முன்பே நடத்தியது. கூடலூரில் 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசிச் சங்கத்தின் மேல் நின்று, ஆதிவாசிப் பெண்களையே செவிலியராக்கி, சிறு சந்தாவில் குழுக் காப்பீடும் நடத்திக் காட்டியது. கையில் காசு இல்லாத ஜனங்கள்கூடத் தங்கள் மருத்துவமனை என்று ஒன்றைத் தாங்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் காசு இருக்கிறது. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்து போகிறது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு இருபத்தைந்து காசு மகமை என்று எடுத்தால், ஒவ்வோர் ஆயிரம் கோடி விற்பனைக்கும் இரண்டரைக் கோடி ரூபாய் வரும். மதுரை அளவுக்கு ஒரு மாளிகை எழுப்ப அது போதாது. நாற்பது படுக்கையும் ஊர் ஊராகப் போகும் பணியாளர்களுமாக ஒன்றை நடத்த அது நல்ல அடித்தளம்.

மகமை ஒரு சாதியின் ஏற்பாடு, அதைக் கொண்டு பொது மருத்துவமனையை எப்படிப் பேசலாம் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். பட்டாசு ஆபீஸ்களில் வேகிறவர்கள் எல்லாச் சாதியும். அதிலும் ஆபத்தான அறைகளில் உட்காருகிறவர்களில் தலித் மக்களும் ஏழைகளுமே மிகுதி. உறவின்முறை தன் உறவுக்குள் கணக்குச் சொன்னது. இங்கே கணக்குச் சொல்ல வேண்டிய வட்டம் தொழிலில் கை வைத்த எல்லோரும். நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது மகமையின் முறையை. அதன் வேலியை அல்ல. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அந்தச் சமூகத்தின் பணத்தில் நடந்தாலும் பிற சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது. வேலியை விரிக்க முடியும் என்பதற்கு அந்த ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று. முதலாளிகளின் பணத்தில் மருத்துவமனை வந்தால், விபத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்களின் வாய் அடைக்கப்படாதா? கட்டில் கொடுத்தவரை எதிர்த்து எப்படிச் சாட்சி சொல்வது? இந்தப் பயத்துக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. இங்கே தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்று வந்தவற்றில் பல நீதிமன்றம் சொல்லி வந்தவை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1990-இல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் குழுக் காப்பீடு செய்யச் சொன்னது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 1996-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய தீர்ப்பு வந்தது. தானாக மனம் வந்து நடந்தவை குறைவு. அதனால்தான் மகமை நன்கொடையாக இருக்கக் கூடாது என்கிறேன். நன்கொடை தருபவர் நிறுத்தலாம். சரக்கின் மேல் விழுகிற மகமையை ஒரு தனி ஆள் நிறுத்த முடியாது. தொழிலாளியும் அதில் ஒரு பங்கு போட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நூறு ரூபாய்க் கூலிக்கு 75 காசு தொழிலாளியும் 3 ரூபாய் 25 காசு முதலாளியும் கட்டுகிறார்கள். அதுபோல் மாதம் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ போடுகிறவருக்கு, கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிற உரிமை வருகிறது. நிர்வாகக் குழுவில் தொழிலாளர், காயம்பட்டவர், பெண்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ஆலை உரிமையாளர் இருக்கலாம், பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. உள்ளே வருகிற ஒவ்வொரு காயமும் பதிவேட்டில் ஏற வேண்டும்: எந்த அறை, என்ன வேலை, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எந்த வெடிமருந்து, எந்த நேரம். அந்தப் பதிவேட்டின் சாரம், பெயர்கள் இல்லாமல், ஆண்டுதோறும் அச்சாகி வெளிவர வேண்டும். இப்படி ஒரு மருத்துவமனை பத்தாண்டு நடந்தால், எந்த வேலையில் எந்தக் கை எப்படிப் போகிறது என்பது குறித்து விசாரணைக் கமிஷன்களுக்குக் கிடைக்காத சான்று அதனிடம் இருக்கும். வாயை அடைக்கும் என்று பயப்படுகிற அதே இடம் பேசத் தொடங்கும். கருந்திரி சுற்றி வெந்தவரும் வருவதற்குச் சிகிச்சை அறையும் போலீஸ் விசாரணையும் கலக்காமல் இருக்க வேண்டும். சட்டப்படி தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்துவிட்டு, அதற்கு மேல் மருத்துவமனை யாருக்கும் ஒற்றர் வேலை பார்க்கக் கூடாது.

தொடங்குவது பெரிய கட்டடத்தோடு இருக்க வேண்டும் என்பதில்லை. உயிர் காக்கும் முதல் வாரங்களை அரசு மருத்துவமனைகள் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே ஆள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது. ஊர்ப்பொது மருத்துவமனை, நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்று பொறுப்பை ஏற்க வேண்டும். சாத்தூரில் ஒரு நாள், வெம்பக்கோட்டையில் ஒரு நாள், திருத்தங்கலில் ஒரு நாள் என்று கைப் பயிற்சி நடக்க வேண்டும். அழுத்த உடை தைக்கும் கூடம் சிவகாசியிலேயே இருக்க வேண்டும். வெயிலுக்குத் தாங்கும் துணி எது, எந்தத் தையல் உறுத்துவதில்லை என்று போட்டுப் பார்ப்பவர்களே சொல்லித் திருத்த வேண்டும். சுருங்கிய தோலை விடுவிக்கும் அறுவைக்கு மாதம் சில நாள்கள் வெளியூர் பிளாஸ்டிக் சர்ஜன்கள் வந்து போகலாம். அறுவைக்குப் பிறகான ஆறு மாத வேலைதான் இங்கே நிரந்தரமாக இருப்பவர்களுடையது. இடைப்பட்ட காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய ஒரு சிறு உதவித் தொகையும் சிகிச்சையின் பகுதியாக வேண்டும். அது இல்லாவிட்டால் அரைகுறையாக ஆறிய கையோடு அவர் மறுபடி அதே அறையில் போய் உட்காருவார்.

கடைசியாக ஒன்று கேட்பார்கள்: பட்டாசுத் தொழிலே இன்னும் எத்தனை நாள்? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்தது. டெல்லி போன்ற இடங்களில் சில ஆண்டுகள் வெடிக்கவே தடை இருந்தது. பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். முடியப்போகிற தொழிலுக்கு மருத்துவமனை எதற்கு? எனக்கு இது எதிர்வாதமாகத் தோன்றவில்லை, அவசரத்துக்கான காரணமாகத் தோன்றுகிறது. இருபது வயதில் வெந்த பெண்ணுக்கு எழுபது வயதுவரை அந்தத் தோல்தான். குழந்தை பெறும்போது வயிற்று வடு இழுக்கும், வயதாகும்போது பழைய வடுவில் புண் வரும். ஆலைகள் மூடினாலும் அவர்கள் இருப்பார்கள். அப்போது மகமை எழுத வியாபாரம் இருக்காது. பல ஆண்டுகளுக்கான நிதியைத் தொழில் ஓடுகிற காலத்திலேயே சேர்த்து, வட்டியில் நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குவது வழக்கம். அன்றைக்கு வெளியிடும் விலைப்பட்டியலின் அடியில் நூற்றுக்கு இருபத்தைந்து காசு என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், நீதிமன்ற உத்தரவும் வேண்டாம். உற்பத்தியாளர்களும் வியாபாரிகளும் தொழிலாளர் சங்கங்களும் ஒரே மேஜையில் ஒருநாள் உட்கார்ந்தால் போதும்.